நனைஞ்சாம்பாறைக்கு வெந்நீர் வந்த கதை

நனைஞ்சாம்பாறை என்று மலைமேல் ஓர் ஊர். வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. வரைபடம் போட வந்தவர்கள் மூடுபனியில் ஊரைப் பார்க்காமலே தாண்டிப் போய்விட்டார்கள் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். அங்கே வெயில் என்பது விருந்தாளி மாதிரி. வரும், ஒரு வாய் காப்பி குடிக்கிற நேரம் உட்காரும், போய்விடும். அப்படிப்பட்ட ஊரில் பிறந்த பிள்ளைக்கு வெயிலுமுத்து என்று பெயர் வைத்தார்கள் என்றால் அந்தக் குடும்பத்தின் நம்பிக்கையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

வெயிலுமுத்துவுக்கு மூத்தவர்கள் இரண்டு பேர். பெரியவர் ஒச்சப்பன், நடுவில் மாயழகு. ஊரிலேயே விவரமான குடும்பம் என்று பெயர் எடுத்தவர்கள். யாராவது ஒன்று சொன்னால் சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். அதோடு நிற்காமல் அதற்கு மேலே கொஞ்சம் யோசித்தும் செய்வார்கள். அந்தக் கொஞ்சத்தில்தான் எல்லாக் கஷ்டமும் வரும்.

அந்தக் குளிருக்குப் பயந்து மூத்தவர்கள் இருவருக்கும் யாரும் பெண் கொடுக்கவில்லை. வெயிலுமுத்துவுக்கு மட்டும் எப்படியோ போதுமணி அமைந்தாள். கீழே சமவெளியில், கருவேலங்காட்டு வெயிலில் வளர்ந்தவள். கல்யாணம் சித்திரையில் நடந்தது. ஐப்பசி வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போனது. கார்த்திகை பிறந்ததும் குளிர் தன் வேலையைக் காட்டியது.

அந்த வீட்டில் குளிப்பதற்கு ஒரு முறை உண்டு. முதலில் ஒச்சப்பன், அடுத்து மாயழகு, பிறகு வெயிலுமுத்து, கடைசியில் போதுமணி. மூத்தவர் குளிக்காமல் இளையவர் குளித்தால் மரியாதை இல்லை. விறகில் வெந்நீர் போடலாமே என்றால், அந்த ஊர் விறகு அடுப்பில் வைத்தால் எரியாது, அழும். சோறு வேகவே அதைக் கெஞ்ச வேண்டும். ஒருநாள் காலையில் போதுமணி குளித்துவிட்டு வந்தாள். உதடெல்லாம் நீலம். நேராகப் போய்ப் பையில் துணிமணியை அடுக்க ஆரம்பித்தாள்.

"ஏங்க, உங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. உங்க ஊருத் தண்ணி மேலதான். தலையில ஊத்துனா மண்டைக்குள்ள ஊசி இறங்குது. ஒரு கீசர் வாங்கி மாட்டிட்டுச் சொல்லுங்க. மறுநாளே வந்துர்றேன். மாட்டாம மட்டும் கூப்பிடாதீங்க."

ஜீப் வளைவில் மறைகிற வரைக்கும் வெயிலுமுத்து பார்த்துக்கொண்டே நின்றான். அவனுக்கு அவள் என்றால் உயிர். அன்று மத்தியானம் மாயழகு வைத்த குழம்பைச் சாப்பிட்டபோது மூத்தவர்கள் இருவருக்கும் அவள் என்றால் உயிர் என்பது தெரிந்தது.

மறுநாளே மூன்று பேரும் பஸ் ஏறி டவுனுக்குப் போய், நசீர் பாய் கடையில் நின்றார்கள். நசீர் பாய் பொறுமைசாலி. பல வருஷமாக மிக்ஸி, ஃபேன், கீசர் எல்லாம் விற்கிறவர். பொருளை விற்பதோடு புத்தியும் சொல்லி அனுப்புவார். புத்திக்குக் காசு வாங்க மாட்டார். அதனாலோ என்னவோ யாரும் அதை எடுத்துப் போவதில்லை. இந்த மூன்று பேரும் எடுத்துப் போகிற ஜாதி.

"கீசருன்னா சும்மா கண்ணுக்கு அழகா இருக்குன்னு எடுக்கக் கூடாதுண்ணே. வீட்டுக்குத் தக்க அளவு வேணும். தேவைக்கு மேல பெருசா எடுத்தா கரண்டு வீணாப் போகும். சின்னதா எடுத்தா கடைசியில குளிக்கிறவங்களுக்குப் பச்சத்தண்ணிதான் வரும்" என்றார் நசீர் பாய்.

கடைசியில் குளிப்பது யார் என்று வெயிலுமுத்துவுக்குத் தெரியும். 

"அப்ப எது தக்க அளவு பாய்?"

"வீட்டுக்குப் போயி ஆளுக்கு எவ்வளவு தண்ணி வேணும்னு ஒழுங்கா அளந்து பாத்துட்டு வாங்க. அளவு தெரிஞ்சா நான் சரியானதா எடுத்துத் தர்றேன்."

நியாயமான பேச்சு. மூவரும் அளப்பதற்காக ஊருக்குத் திரும்பினார்கள்.

ஒரு ஆளுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பது மேலோட்டமாகப் பார்த்தால் சின்னக் கேள்வி. ஒச்சப்பன் எதையும் மேலோட்டமாகப் பார்க்கிறவர் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

"குளிக்கிறதுன்னா என்னடா? உடம்பு பூரா நனையணும். அப்ப உடம்பு எவ்வளவோ அவ்வளவு தண்ணி வேணும். குறைஞ்சா ஏதோ ஒரு இடம் காஞ்சு கெடக்கும்."

"கூடினா?" என்றான் மாயழகு.

"கூடினா அடுத்தவன் உடம்புத் தண்ணியை நாம எடுத்துக்கிட்டோம்னு அர்த்தம்."

கல்யாணத்துக்குச் சோறு வடிக்க வாங்கிய பெரிய அண்டா ஒன்று வீட்டில் இருந்தது. அதை வாசலில் வைத்து, ஊற்றுத் தண்ணீரை விளிம்பு வரைக்கும் நிரப்பினார்கள். ஆள் உள்ளே முங்கினால் எவ்வளவு தண்ணீர் வழிகிறதோ அதுதான் அந்த ஆளின் அளவு. மரியாதைப்படி முதலில் ஒச்சப்பன் இறங்கினார். இறங்கியதும் அவர் வாயிலிருந்து வந்த சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கோழிகள் கலைந்து ஓடின. தண்ணீர் தாராளமாக வழிந்தது. வழிந்த தண்ணீர் நிற்குமா? அது மலை ஊர். சரிவில் ஓடியது. மாயழகு குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் பின்னாலேயே ஓடினான்.

கொஞ்ச நேரம் கழித்து மூச்சு வாங்க வந்தான்.

"அண்ணே, உங்க அளவு பூரா பக்கத்து வீட்டு அவரைக்கொடிக்குள்ள போயிருச்சு. கேட்டா தர மாட்டேங்குறாங்க."

ஒச்சப்பனுக்குப் பதில் சொல்லப் பல் ஒத்துழைக்கவில்லை. வெயிலுமுத்துதான் வழி கண்டுபிடித்தான். பெண்டாட்டி இல்லாத துக்கத்தில் அவனுக்கு அறிவு கொஞ்சம் வேலை செய்தது. ஆள் வெளியே வந்த பிறகு அண்டாவை மறுபடி நிரப்ப எத்தனை குடம் ஆகிறது என்று பார்த்தால் போதுமே என்றான். மூத்தவர்கள் அவனைப் பெருமையாகப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, முதலிலிருந்து எடுக்க வேண்டும் என்று ஒச்சப்பனை மறுபடியும் அண்டாவில் இறக்கினார்கள். அதற்குப் பிறகு அவர் தும்மாமல் ஒரு வாக்கியம்கூட முழுசாகப் பேசவில்லை.

மாயழகு முங்கினான். வெயிலுமுத்து முங்கினான். மூன்று பேருக்கும் கணக்குக் கிடைத்தது. அப்போதுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. போதுமணி ஊரில் இல்லை. அவள் அளவை எப்படி எடுப்பது? அவளை வரச் சொல்லலாம் என்றால் கீசர் மாட்டாமல் வர மாட்டாள். அளவு தெரியாமல் கீசர் வாங்க முடியாது.

"அவளுக்குப் பதிலா வேற ஏதாவது முக்கலாம்" என்றான் மாயழகு. "அவ அளவு இருந்தாப் போதும்."

"அவ அளவு யாருக்குத் தெரியும்?"

வெயிலுமுத்து தலையைக் குனிந்துகொண்டு தனக்குத் தெரியும் என்றான். கல்யாணமான புதிதில் ஓடையில் வெள்ளம் வந்தபோது அவளைத் தூக்கிக்கொண்டு அக்கரைக்குப் போயிருக்கிறான். அந்தக் கனம் இன்னும் அவன் கையில் இருந்தது.

வீட்டில் இருந்த ஆடுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தான். கறுப்பாடு ரொம்ப இலேசு. கொம்பாடு கனம் சரியாக இருந்தது, ஆனால் கொம்பை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை. கடைசியில் செவலை ஆட்டைத் தூக்கினான். கண்ணை மூடினான். ஆடு அவன் காதருகே கத்தியது. அவன் முகத்தில் ஒரு சாந்தம் வந்தது.

"இதுதாண்ணே" என்றான்.

செவலை ஆட்டை அண்டாவில் முக்கினார்கள். அது முங்கிய நேரத்தில் நாலு மடக்குத் தண்ணீரும் குடித்துவிட்டது. குடித்த தண்ணீரைக் கூட்டுவதா கழிப்பதா என்று மூத்தவர்களுக்குள் விவாதம் வந்தது.

"உள்ள போன தண்ணி ஆட்டோட தண்ணி. அதையும் அளவுல சேர்க்கணும்" என்றான் மாயழகு.

"அப்படிச் சேர்த்தா போதுமணி அண்டாத் தண்ணியைக் குடிக்கிறவன்னு ஆகிப்போகும்" என்றார் ஒச்சப்பன், நடுவில் இரண்டு தும்மலோடு.

"அவ அப்படிப்பட்டவ இல்லண்ணே" என்றான் வெயிலுமுத்து. அவனுக்கு மனசு வலித்தது. அவள் மரியாதையைக் காப்பாற்றுவதற்காக அந்த நாலு மடக்கைக் கழித்துவிட்டார்கள். எல்லாம் சேர்த்து இருபத்து மூன்றே கால் குடம் வந்தது.

மறந்துவிடக் கூடாது என்று ஒச்சப்பன் அதை வாயிலேயே வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். கண்டக்டர் வந்து எத்தனை என்று கேட்டார்.

"இருபத்து மூணே கால்" என்றார் ஒச்சப்பன்.

கண்டக்டர் பஸ்ஸை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "கால் டிக்கெட்டெல்லாம் கிடையாது. அரைதான் உண்டு" என்றார். அவரும் அந்த மலைப்பக்கத்துக்காரர்தான்.

நசீர் பாய் அவர்களைப் பார்த்ததும் நாற்காலி எடுத்துப் போட்டார்.

"அளந்தாச்சா? வீட்ல குளிக்கிறவங்க எத்தனை பேரு?"

"மூணு ஆளும் ஒரு ஆடும்" என்றான் மாயழகு.

"ஆட்டுக்கு எதுக்குண்ணே வெந்நீரு?"

"அது என் பொண்டாட்டி பாய்" என்றான் வெயிலுமுத்து.

நசீர் பாய் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். விஷயத்தை முழுக்கக் கேட்டார். இருபத்து மூன்றே கால் குடம் கொள்கிற கீசர் வேண்டும் என்பதையும் கேட்டார். அப்படி ஒன்று வேண்டுமென்றால் பெரிய ஆஸ்பத்திரிகளில்தான் பார்க்கலாம் என்றவர், அவர்கள் ஆஸ்பத்திரியைப் பற்றி யோசிக்க ஆரம்பித்ததைப் பார்த்ததும் அவசரமாகப் பேச்சை மாற்றினார்.

"நாலு பேரும் ஒண்ணாவா குளிப்பீங்க?"

"சேச்சே. ஒருத்தர் பின்னாடி ஒருத்தர்தான்."

"அப்ப இருபத்தஞ்சு லிட்டர் போதும். ஒருத்தர் குளிச்சு முடிச்சதும் கொஞ்ச நேரம் விட்டா, அதுவே ரொம்பி அதுவே காஞ்சிரும்."

"இருபத்தஞ்சு லிட்டர்ல ஆட்டுக் காலு கூட முங்காதே" என்றார் ஒச்சப்பன்.

"அதுக்குள்ள யாரும் முங்கக் கூடாதுண்ணே. அதுல வர்றதை வாளியில புடிச்சு, பச்சத்தண்ணி கலந்து ஊத்திக்கணும்." இதைச் சொல்லும்போது நசீர் பாய் வியாபாரியாக இல்லை, ஒரு வாத்தியாராக இருந்தார். அதற்குப் பிறகு பாதுகாப்புக்கு வந்தார். தண்ணீர் நிரம்பாமல் சுவிட்சைப் போடக் கூடாது. குளிக்கப் போகுமுன் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். எர்த் கம்பி இல்லாமல் இணைப்புக் கொடுக்கக் கூடாது. பக்கவாட்டில் ஒரு சின்ன வால்வு இருக்கிறது, உள்ளே அழுத்தம் கூடினால் அது வெளியே விட்டுவிடும், அதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அடைக்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் மூன்று தலையும் ஒன்றாக ஆடின.

"கடைசியா முக்கியமானது. தண்ணி ரொம்பினா இது நல்ல கனம். எல்லாச் சுவரும் தாங்காது. மாட்டுறதுக்கு நம்ம ஆளை அனுப்புறேன், அவன் மலை ஏற ரெண்டு மூணு நாளாகும். அதுக்குள்ள வீட்ல ஒவ்வொரு சுவரா தட்டிப் பாத்து, எது பலமான சுவருன்னு பாத்து வைங்க. பலமில்லாத சுவத்துல மாட்டினா, பேத்துக்கிட்டுக் குளிக்கிறவங்க தலையிலதான் விழும்."

வெயிலுமுத்து அதை அப்படியே மனசில் பார்த்தான். போதுமணி வெந்நீரை மொண்டு ஊற்றுகிறாள். மேலே சுவர் பெயர்கிறது. அவள் வராமல் போனால்கூடப் பரவாயில்லை, வந்து இப்படி ஆகிவிட்டால் அவன் எந்த மூஞ்சியோடு உயிரோடு இருப்பது?

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம். மாயழகு கீசரை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்றவர்களிடமெல்லாம் வால்வைக் காட்டி, "தள்ளி நில்லுங்க, அழுத்தம் கூடினா இது விட்டுரும்" என்று பாதுகாப்பாகச் சொல்லிக்கொண்டே வந்தான். இரண்டாவது கொண்டை ஊசி வளைவிலேயே பஸ்ஸின் பின்பாதி காலியாகிவிட்டது. மூன்று பேரும் கால் நீட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார்கள்.

அன்றைக்கே சுவரைத் தட்டிப் பார்க்கும் வேலை தொடங்கியது. வீடு அப்பா காலத்து வீடு. கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய சுவர், மேலே தகரம். ஒச்சப்பன் முன்கூடத்துச் சுவரை விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார்.

"என்னண்ணே சொல்லுது?"

"டொக்குன்னு சொல்லுது."

"டொக்குன்னா பலம்னு அர்த்தமா, பலமில்லைன்னு அர்த்தமா?"

"அதைத்தான் அது சொல்ல மாட்டேங்குது."

எல்லாச் சுவரையும் தட்டினார்கள். எல்லாம் ஒரே மாதிரி டொக்கென்றன. மாயழகு தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தான்.

"கையால தட்டினா எந்தச் சுவரும் விழாது. விழாத சுவத்துக்குள்ள எது பலம்னு எப்படிக் கண்டுபுடிக்கிறது? எது விழும்னு தெரிஞ்சாத்தானே எது விழாதுன்னு தெரியும்?"

இதற்கு மறுப்புச் சொல்ல அந்த ஊரில் ஆள் கிடையாது. கடப்பாரை வந்தது. ஆனால் அவர்கள் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று செய்கிறவர்கள் இல்லை. சுவர் விழுந்தால் கூரை தலையில் விழும், பாதுகாப்பு முக்கியம் என்று ஒச்சப்பன் எச்சரித்தார். ஆகவே முதலில் தகரத்தை எல்லாம் கழற்றி ஒழுங்காக அடுக்கினார்கள். பாத்திரம் பண்டம், பாய், தலையணை எல்லாவற்றையும் வெளியே வைத்தார்கள். மெயின் சுவிட்சையும் அணைத்தார்கள். இவ்வளவு ஜாக்கிரதையாக ஒரு வீட்டை யாரும் இடித்திருக்க மாட்டார்கள்.

முன்கூடத்துச் சுவர் ஏழெட்டுத் தட்டு தாங்கியது. பிறகு பெருமூச்சு விட்டுப் படுத்துவிட்டது.

"நல்லவேளை" என்றார் ஒச்சப்பன். "இதுலதான் மாட்டலாம்னு நான் மொதல்ல நெனச்சேன்."

"தப்பிச்சோம்ணே" என்றான் மாயழகு.

வாசல் சுவர் விழுந்தது. மீட்டர் பெட்டி இருந்த சுவரும் விழுந்தது. லைன்மேன் வந்து கம்பத்திலேயே இணைப்பை வெட்டிவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு போனார். ஒவ்வொரு சுவர் விழும்போதும் மூவருக்கும் உடம்பு சிலிர்த்தது. எத்தனை ஆபத்தான சுவர்களுக்கு நடுவில் இத்தனை வருஷம் தூங்கியிருக்கிறோம் என்று ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். வேடிக்கை பார்க்க வந்த அக்கம்பக்கத்தார் தங்கள் வீட்டுச் சுவர்களைச் சந்தேகமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

நாலாவதாக வெயிலுமுத்து அறையின் சுவர். அதில் கண்ணாடி மாட்டியிருந்த ஆணிக்குப் பக்கத்தில் போதுமணி கழற்றி ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டுகள் வரிசையாக இருந்தன. அவற்றைப் பார்த்ததும் வெயிலுமுத்து கடப்பாரையை மறித்தான்.

"அண்ணே, இதை மட்டும் மெதுவாத் தட்டுவோமா?"

"மெதுவாத் தட்டி, பலம்னு ஏமாந்து, நாளைக்கு அது அவ தலையில விழுந்தா?"

வெயிலுமுத்து பொட்டுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துச் சட்டையில் ஒட்டிக்கொண்டான். கடப்பாரையைத் தானே வாங்கினான். அவள்மேல் அவனுக்கு இருந்த பிரியம் அவ்வளவையும் சேர்த்து ஓங்கினான். ஒரே தட்டு. சுவர் அந்தப் பக்கம் சாய்ந்தது. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போகட்டும், அவள் பிழைத்தாள் என்றான்.

கடைசியில் அடுப்படிப் பின்சுவர். மூன்று பேரும் மாறி மாறித் தட்டினார்கள். கடப்பாரை வளைந்ததே தவிரச் சுவர் அசையவில்லை. அசையாததற்குக் காரணம், அதற்குப் பின்னால் ஒட்டினாற்போல் ஊருக்குப் பெயர் கொடுத்த பாறையே இருந்தது. அதை அவர்கள் யோசிக்கவில்லை. வளைந்த கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு ஒச்சப்பன் அந்தச் சுவரைத் தொட்டுக் கும்பிட்டார்.

நசீர் பாய் அனுப்பிய ஆள் வந்தான். பையை இறக்கி வைக்காமலே சுற்றிலும் பார்த்தான்.

"புதுசா வீடு கட்டுறீங்களா?"

"இல்ல தம்பி. சுவரு பாத்து வைக்கச் சொன்னாருல்ல பாய், பாத்து வச்சிருக்கோம்."

அவன் சுவரைப் பார்த்தான், அவர்களைப் பார்த்தான், மாட்டிவிட்டு ஊற்றுக் குழாயையும் இணைத்தான். கரண்டு வந்த பிறகு கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு, கூலியை எண்ணிக்கூடப் பார்க்காமல் இறங்கிப் போனான். வெள்ளை வெளேரென்று கீசர் அந்த ஒற்றைச் சுவரில் தொங்கியது. மழையும் பனியும் அதன்மேல் விழுந்தன. மூன்று பேரும் தகரத்தைச் சாய்த்து வைத்து அதன் கீழே படுத்துக்கொண்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் வெயிலுமுத்து பாறைமேல் ஏறி, சிக்னல் கிடைக்கிற மூலையில் நின்று போதுமணிக்குப் போன் போட்டான்.

"மாட்டியாச்சா?" என்று கேட்டாள்.

"மாட்டியாச்சு."

"நல்ல சுவத்துலதானே மாட்டுனீங்க?"

"வீட்லயே அதை மிஞ்சின சுவரு கிடையாது."

"ஷாக்கு கீக்கு அடிக்காதுல்ல?"

"அதுக்கு வழியே இல்ல போதுமணி."

ஒன்றுகூடப் பொய் இல்லை. மறுநாள் போதுமணி அப்பா சோலைராசுவைக் கூட்டிக்கொண்டு ஜீப்பில் வந்து இறங்கினாள். ஒரு கையில் சீயக்காய்ப் பொடி டப்பா, இன்னொரு கையில் நல்லெண்ணெய்ப் பாட்டில். பனி விலகியது. அவள் முன்னால் ஒரு சுவர் இருந்தது. சுவரில் ஒரு கீசர் இருந்தது. கீசர் பக்கத்தில், சட்டையெல்லாம் பொட்டாக, அவள் புருஷன் சிரித்துக்கொண்டு நின்றான்.

"வீடு எங்கங்க?"

பெரியவர் இருக்கும்போது சின்னவன் பதில் சொல்லக் கூடாது. ஒச்சப்பன் முன்னால் வந்தார்.

"அது பூரா ஏமாத்துச் சுவரு தாயி. ஒவ்வொண்ணாத் தட்டிப் பாத்துட்டோம். நீ இருக்கும்போது விழாம இருந்தது சாமி புண்ணியம். இது ஒண்ணுதான் நம்பிக்கையான சுவரு."

"கரண்டு?"

"கம்பத்தோட வெட்டியாச்சு" என்றான் மாயழகு. "பாய் சுவிட்சை அணைச்சுட்டுக் குளிக்கத்தான் சொன்னாரு. நாங்க அதுக்கும் மேல போயிட்டோம்."

போதுமணி குழாயைத் திருகி விரலை நீட்டினாள். பச்சத்தண்ணீர். ஊசி மாதிரி இறங்கியது. அவள் அம்மிக்கல்லில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று வெயிலுமுத்துவுக்குத் தெரியவில்லை. கிட்டப் போய் உட்கார்ந்தான். ஓங்கி ஓங்கிக் கொப்பளித்துப்போன அவன் கையை எடுத்து அவள் பார்த்தாள்.

"எனக்காகவா இம்புட்டையும் இடிச்சீங்க?"

"இன்னும் நாலு சுவரு இருந்தாலும் இடிச்சிருப்பேன்" என்றான்.

அதற்குப் பிறகு அவள் கோபப்பட முடியவில்லை. சோலைராசு நல்ல மனுஷன். மகள் முகத்தையும் மாப்பிள்ளை கையையும் பார்த்தார்.

"எல்லாரும் ஜீப்புல ஏறுங்க. வீடு கட்டி முடிக்கிற வரைக்கும் நம்ம வீட்லயே இருக்கலாம்."

மூன்று பேரும் ஏறினார்கள். கீசரையும் கழற்றி ஏற்றினார்கள். சும்மா ஏறவில்லை, வழியில் கொல்லனிடம் கொடுத்துக் கடப்பாரையையும் நிமிர்த்திக்கொண்டார்கள்.

சோலைராசு வீடு போன வருஷம்தான் கட்டியது. மாடியும் கீழுமாகப் பத்துப் பன்னிரண்டு சுவர், எல்லாம் ரோஸ் கலர். போதுமணி கையால் வைத்த குழம்பை மூத்தவர்கள் இருவரும் கண்ணில் நீர் வரச் சாப்பிட்டார்கள். வெயிலுமுத்துவுக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்து சோறு போட்டாள். இவள் எந்த வீட்டில் இருந்தாலும் அந்த வீட்டில் வெந்நீர் இருக்க வேண்டும் என்று அவன் அப்போதே முடிவு செய்துவிட்டான்.

அவள் பாத்திரம் கழுவப் பின்பக்கம் போனாள். சோலைராசு ஏப்பம் விட்டு, கூடத்துச் சுவரோரமாகப் பாயை விரித்துப் படுத்தார்.

"கூச்சப்படாதீங்க மாப்ள. இதையும் உங்க வீடு மாதிரியே நெனச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒச்சப்பன் மெதுவாக எழுந்து கூடத்துச் சுவரில் விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டார். டொக்கென்றது. அவர் வருத்தமாகத் தலையை ஆட்டினார். மாயழகு ஓசைப்படாமல் ஜீப்புக்குப் போய் வந்தான்.

வெயிலுமுத்து மாமனார் பக்கத்தில் குந்தி, அவர் தோளை மெல்லத் தொட்டான்.

"மாமா, தூங்குங்க. கொஞ்சம் அந்தப் பக்கமாத் தள்ளிப் படுங்க."